திருமண வயதுக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30-இல் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண் பூப்பெய்துவதற்குள் மணம் முடித்துவிட வேண்டும் எனப் பல குடும்பங்கள் துடித்த காலம் அது. தாயார் சந்திரம்மாளுக்கும் மகளின் கல்யாணக் கவலைதான். கல்லூரி முதல்வரான தந்தை நாராயணசாமி ஐயர் படிப்புக்குத் துணை நின்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் சென்னையில் மருத்துவரானார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது அவருக்கு வயது 27. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை மணமகன் ஏற்ற பிறகே சம்மதித்தார். 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் அத்திருமணம் நடந்தது. அந்தச் சட்டத்திலேயே பெண்ணின் குறைந்தபட்ச வயது 14-தான்.

உடல் முதிராத சிறுமிகள் தாயாகிப் படும் துன்பத்தை மருத்துவராக அறிந்தவர் அவர். சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான பின், 1928-இல் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என வயதை நிர்ணயிக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். மதத்தின் பெயரால் எதிர்ப்பு கிளம்பிய காலத்திலும் அவர் பின்வாங்கவில்லை. மறு ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றே வைத்தது. மீறினால் தண்டனை உண்டு. ஆனால் நடந்த திருமணம் செல்லும்.

தேவதாசி முறை ஒழிப்பு, ஒளவை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என அவர் பணி நீண்டது. 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயது நிறைந்த பெண்ணுக்குச் சிலாங்கூரில் மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி தேவை. அன்று முத்துலட்சுமி கேட்ட 16, இன்று இங்கே விதிவிலக்காக மட்டுமே நிற்கிறது. 21 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ கோயிலில் தாலி கட்டிச் சேர்ந்து வாழத் தொடங்கும் இளையோர், பதிவைத் தள்ளிப் போடக் கூடாது. பின்னாளில் ஜீவனாம்சம், சொத்து என்று வரும்போது, மனைவி என்பதை நிரூபிக்க அந்தப் பெண்தான் நீதிமன்றம் ஏற நேரும். முத்துலட்சுமி தம் திருமணத்தைச் சட்டப்படி செய்து கொண்டது 1914-லேயே.