கடைமடை தந்த மக்கள் கவிஞர்

தஞ்சைத் தரணி நெல்லை மட்டுமா தந்தது? நெல்லை விளைவிப்பவனின் நெஞ்சறிந்து பாடிய கவிஞரையும் தந்தது. அவர்தாம் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில், 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், உழவர் குடும்பத்தில் பிறந்தார். மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியே காவிரி நீர் அப்பகுதிக்குப் பாய்ந்த 1934இல் அவருக்கு வயது நான்கு. பள்ளியில் அவர் நெடுநாள் படிக்கவில்லை. உழவு, மாடு மேய்த்தல், மாம்பழ வியாபாரம், மீன்பிடித்தல், நாடக நடிப்பு எனச் செய்த தொழில்களே அவருக்குப் பாடங்களாயின. புதுவையில் பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கித் தமிழறிவை வளர்த்துக்கொண்டார்.

பண்ணையாட்களின் உரிமைக்காகத் தஞ்சை மண் போராடிய காலம் அது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கவிஞரும் விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டார். வயற்காட்டில் கேட்ட கேள்விகளையே பின்னர் வெள்ளித்திரையில் ஒலிக்கச் செய்தார்.

'பாசவலை' (1956) அவருக்குப் புகழ் தந்தது. 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் பெண்ணொருத்தி, இத்தனை விளைந்தும் உழைத்த நமக்கு ஏன் மிஞ்சவில்லை என்று கேட்கிறாள். காலம் மாறும் என்று அவன் நம்பிக்கை ஊட்டுகிறான். என் தாயார் நடவு வேலைக்குச் செல்பவர், கையெழுத்திடத் தெரியாதவர். ஆயினும் அப்பாடல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஏட்டுக்கல்வி எட்டாத எங்களைப் போன்ற வீடுகளுக்கு அவர் பாட்டே ஏடாயிற்று என்பேன்.

சினிமாப் பாட்டுத்தானே என்று ஒதுக்குவோர் உண்டு. நூலகத்துக்குள் நுழையாத உழவனிடம் கவிதையைக் கொண்டு சேர்க்க, கொட்டகையைவிட வேறு வழி அன்று ஏது?

'கல்யாணப் பரிசு' வெளிவந்த 1959ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 8ஆம் நாள், இருபத்தொன்பது வயதில் அவர் மறைந்தார். 'திருடாதே', 'அரசிளங்குமரி' ஆகிய படங்கள் 1961இல் வெளியானபோது, சிறுவர்களுக்கு அறிவுரை கூறும் அவருடைய பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. கேட்க அவர்தான் இல்லை. தமிழக அரசு 1993இல் அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது.

இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் செய்து முடித்ததை எண்ணும்போது, இருபது வயதில் நிற்கும் நமக்கு ஒரு கடமை தெளிவாகிறது. மாணவத் தோழர்களே, நாம் கற்பது நம்மோடு நின்றுவிடலாகாது. நாற்றங்காலில் நிற்பவருக்கும் புரியும் தமிழில் அதை எடுத்துச் சொல்லுவோம். மக்கள் கவிஞருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.