டாக்டர் அம்பேத்கரும் உபகாரச் சம்பளமும்

திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் நம் சங்கத்து அன்பர் பலர், பிள்ளை பி.ஏ. தேறியதும் படிப்பு முற்றிற்று என்றே எண்ணுகின்றனர். குன்றின் அடுத்தே பொறியியற் கல்லூரியும், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால் சர்வகலாசாலையும் இருந்தும், ஆராய்ச்சிப் பட்டம் வரை செல்வோர் நம்மில் மிகச் சிலரே. அறிவுக் குறைவோ காரணம்? அன்று. டாக்டர் பீமராவ் அம்பேத்கர் சரித்திரத்தின் ஒரு பகுதியை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1891-இல் மௌ நகரில் மகார் குலத்திற் பிறந்த அவர், 1912-இல் பம்பாயில் பி.ஏ. தேறினார். மறு வருஷம் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மாதம் 11½ பவுன் வீதம் 3 ஆண்டுக்கு உபகாரச் சம்பளம் அளித்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பின்னர் 10 ஆண்டு சமஸ்தானத்தில் ஊழியம் செய்ய வேண்டுமென்பது நிபந்தனை. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் எம்.ஏ. பெற்று, ஆராய்ச்சியும் நடத்தி, 1916-இல் லண்டன் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சி நடுவில் நிற்கையிலேயே உதவியின் கெடு தீர்ந்தது. 1917-இல் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய புத்தகங்களோ, யுத்தகாலமாதலின், கப்பலோடு கடலில் மூழ்கின.

நிபந்தனைப்படி பரோடா சென்றார். உத்தியோகம் கிடைத்தது, குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றிற்று. மன்னர் பொருளால் பெற்ற கல்வியை மன்னர் ஊரிலேயே மதிப்பாரில்லை!

பின் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாஹு மகாராஜர் உதவினார். நவல் பாத்தேனா என்னும் பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் லண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். கொலம்பியா ஆராய்ச்சி நூல் அச்சேறியது 1925-இல், பிஎச்.டி. பட்டம் கைக்கு வந்தது 1927-இல். அமெரிக்கா சென்று 14 ஆண்டு கழிந்துவிட்டன.

நிற்க. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்கக் கறுப்பர் இனத்து அறிஞர் டுபாய்ஸ், ஸ்லேட்டர் நிதியின் உதவியால் 1892-இல் பெர்லின் சென்றார். மூன்றாம் ஆண்டுக்கு உதவி மறுக்கப்படவே, அவ்விடத்துப் பட்டம் பெறாமலே 1894-இல் திரும்பினார். (மறு வருஷம் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார், அங்கு அதைப் பெற்ற முதற் கறுப்பர் அவரே.) அவருக்கு 1946-இல் அம்பேத்கர் நிருபம் எழுதியதில் வியப்பென்ன?

1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினரானதும், தாழ்த்தப்பட்டோரின் மேற்படிப்புக்குப் பொருள் வேண்டி விண்ணப்பம் தந்தார் அம்பேத்கர். 1944-இல் மெட்ரிகுலேஷன் கடந்தோர்க்கு மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளம் தொடங்கிற்று. ஆராய்ச்சி மாணவர்க்கென்றே தேசிய உதவித்தொகை ஏற்பட்டதோ 2005-இல்தான்.

நம் சங்கத்துக் கல்வி நிதியும் பி.ஏ. வகுப்போடு நின்றுவிடுகின்றது. சர்க்கார் உதவி தாமதிக்கும் மாதங்களில் ஆராய்ச்சி மாணவர்க்கு வட்டியில்லாக் கடன் அளிக்கலாமா என்பதை அடுத்த மகாசபையில் அங்கத்தினர் விவாதிக்க வேண்டுகின்றோம்.