குளும்ப்கே என்ற பெயருக்கு உரியவர்

மருத்துவ பீடத்தில் படித்த எவரும் குளும்ப்கே வாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். எர்ப் வாதம், குளும்ப்கே வாதம் என்று இரண்டையும் சோடியாகவே மனனம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். எர்ப் ஜேர்மனியின் பெயர்பெற்ற பேராசிரியர். குளும்ப்கேயோ, அந்த ஆய்வை வெளியிட்டபோது இன்னும் கலாநிதிப் பட்டம் பெறாத இருபத்தைந்து வயது மாணவி. எமது பாடப்புத்தகங்கள் அதைச் சொன்னதில்லை. நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வரலாறு கேட்கப்பட்டதும் அவரே நினைவுக்கு வந்தார்.

ஒகஸ்டா குளும்ப்கே 1859 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். மூத்தவள் அன்னாவின் கால் ஊனத்துக்கு வைத்தியம் தேடி ஐரோப்பா சென்ற தாய், பின்னர் கணவரைப் பிரிந்து, பிள்ளைகளுடன் முதலில் சுவிற்சர்லாந்திலும் 1877 இல் பாரிஸிலும் குடியேறினார். அந்தத் தாயைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அன்னா ஓவியரானார். டொரத்தியா வானியலாளராகி, 1893 இல் பாரிஸில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இன்னும் இரு சகோதரிகள் இசைத்துறைக்குப் போனார்கள். ஒகஸ்டா மருத்துவத்தைத் தெரிந்தெடுத்தார்.

பட்டப்படிப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பாரிஸ், வைத்தியசாலைப் பதவிகளை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இங்கே சித்தியெய்திய எல்லோருக்கும் உள்ளகப் பயிற்சி கிடைக்கிறது. அங்கே அது கடும் போட்டிப் பரீட்சை. அதில் வென்றவருக்கே பெரிய ஆய்வுகளுக்கும் பதவிகளுக்கும் வழி திறந்தது. 1882 இல் பெண்களுக்குக் கீழ்ப்படியிலுள்ள பதவி மட்டும் திறக்கப்பட்டது, மேலே கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒகஸ்டாவும் பிளான்ஷ் எட்வேர்ட்ஸ் என்பவரும் அந்த நிபந்தனையை விடாது எதிர்த்தார்கள். வைத்தியர்கள் பலர் எதிர்மனுக்களில் கையொப்பமிட்டார்கள். இறுதியில் 1885 யூலையில் மாவட்ட நிர்வாகி யூஜீன் பூபெல் கதவைத் திறக்க உத்தரவிட்டார். (வீடுதோறும் குப்பைத்தொட்டி வைக்கச் சொன்னவரும் இவரே. பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்!) அடுத்த ஆண்டு ஒகஸ்டா பாரிஸ் வைத்தியசாலைகளின் முதலாவது பெண் உள்ளக மருத்துவரானார்.

அந்தச் சர்ச்சை உச்சத்தில் இருந்த 1885 இலேயே அவருடைய ஆய்வுக்கட்டுரையும் வெளிவந்தது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் மேற்பகுதி காயப்பட்டால் தோளும் மேற்கையும் சோர்ந்து விழும். அதை எர்ப் முன்பே விவரித்திருந்தார். கீழ்ப்பகுதி காயப்பட்டால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கும். அதே பக்கத்துக் கண்மணி சுருங்கும், இமையும் சற்றுத் தாழும். கையில் பட்ட காயம் கண்ணில் ஏன் தெரியவேண்டும்? வுல்பியானின் ஆய்வுகூடத்தில் நாய்களில் பரிசோதித்து ஒகஸ்டா விடை கண்டார். கண்ணுக்குப் போகும் பரிவு நரம்பிழைகள் நெஞ்சுப்பகுதியின் முதலாவது நரம்பு வேரோடுதான் முள்ளந்தண்டை விட்டு வெளியேறுகின்றன. பிரசவத்தில் கை இழுபட்ட சிசுவானாலும், மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்ட இளைஞரானாலும், கையைப் பார்த்தபின் நாம் கண்ணையும் பார்ப்பது இதனால்தான். கண்மணி சுருங்கியிருந்தால் வேர் முள்ளந்தண்டோடு பிடுங்கப்பட்டிருக்கலாம். தானாகக் குணமாகும் நம்பிக்கை குறைவு. 1886 இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த ஆய்வுக்குப் பரிசளித்தது.

1888 இல் நரம்பியலாளர் ஜூல் டெஜெரினை மணந்தார். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நரம்புப்பாதைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து இருவரும் ஆக்கிய பெருநூல் 1895 இலும் 1901 இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. நூலின் முகப்பில் ஆசிரியர் கணவர். மனைவியோ ஒத்துழைப்பு வழங்கியவர். உழைப்பின் அளவைப் பார்க்கும்போது அந்தச் சொல் எமக்குப் போதாததாகவே தோன்றுகிறது. 1908 இல் பேச்சிழப்பு நோய் பற்றி டெஜெரினுக்கும் பியர் மரீக்கும் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், மரீ வரைந்த மூளைப் பகுதியின் எல்லைகள் உடற்கூற்றியலோடு பொருந்தவில்லை என்று சபையில் எடுத்துக்காட்டியவர் மனைவியே. 1914 இல் பிரெஞ்சு நரம்பியல் சங்கம் அவரைத் தலைவராக்கியது. அப்பதவிக்கு வந்த முதலாவது பெண் அவர்.

அந்த ஆண்டே போர் மூண்டது. 1917 இல் கணவர் காலமானார். ஒகஸ்டா முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடந்த படைவீரர்களைப் பராமரித்தார். அவர்களின் மூட்டுகளைச் சுற்றி இல்லாத இடத்தில் எலும்பு வளர்வதை உடன்பணியாளர் ஒருவரோடு கவனித்து 1918 இல் எழுதினார். எமது நாட்டிலும் போர்க்காலத்தில் முள்ளந்தண்டு முறிந்து படுக்கையானவர்கள் உண்டு. மூட்டு இறுகி அமர முடியாத வேதனை அவர்களைப் பராமரித்த குடும்பங்களுக்குத் தெரியும்.

1927 நவம்பரில் அவர் பாரிஸில் காலமானார். மகள் இவோனும் மருத்துவராகி நரம்பியலையே படித்தார்.