எதிர்ப்பும் பகையும் ஒன்றல்ல

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்றொரு நையாண்டி நாடகம் எழுதினான். காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவிதான் திருடினார் என்று அவன் சாதிக்கிறான். பாசுபதர் ஒருவரும் வந்து சேர, வழக்கு சமயச் சண்டையாக வளர்கிறது. கடைசியில் பார்த்தால், பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய்.

சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என எல்லாச் சமயங்களும் வாதிட்ட ஊர் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலில் பாசுரம் ஓதும் உரிமை குறித்த வடகலை, தென்கலைப் பிணக்கு தலைமுறைகளைக் கடந்து நீதிமன்றப் படிகளை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால், மாறுபடுவது எப்படி என்பதற்குத் தமிழகத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்ததும் இதே ஊர்தான். சி.என்.அண்ணாதுரையின் வாழ்க்கையை நான் அந்தக் கோணத்தில்தான் படிக்கிறேன்.

1909 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. ஊர் நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்துவிட்டு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1934-இல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தது அவருடைய வாழ்வின் திசையை முடிவு செய்தது. 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார்.

அவரை எல்லோருக்கும் இனியவராகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. 'ஆரிய மாயை' நூலின் கடுமை ஒரு சமூகத்தையே எதிரில் நிறுத்தியது. அதற்காக அவர் வழக்கையும் தண்டனையையும் எதிர்கொண்டார். கம்பராமாயணத்தைத் தீயிட வேண்டும் என்ற வாதத்தையும் அவர் முன்வைத்தார். பிளவை வளர்க்கும் மொழியின் ஆற்றலை அவர் நன்கு அறிந்திருந்தார். அதைப் பயன்படுத்தவும் செய்தார்.

எனினும், அந்த வாதத்தை அவர் தம் ஆதரவாளர்கள் நடுவே மட்டும் பேசிக் கைதட்டல் பெற்று நிறுத்திக்கொள்ளவில்லை. 1943-இல் சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் வாதிட்டார். இருவரும் தமிழில் தோய்ந்த பேரறிஞர்கள். எதிராளி எதிரில் அமர்ந்திருக்கும்போது அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திரிக்க முடியாது. அவருடைய வாதத்தின் வலிமையான பகுதிக்கே விடை சொல்லியாக வேண்டும். அந்த ஒழுக்கத்தை மேடை தானாகவே கற்றுத் தருகிறது.

கடினமான சோதனை சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது. 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணாவோ அது மகிழ்ச்சிக்குரிய நாளே என்று தம் இதழில் வெளிப்படையாக எழுதினார். எதிர்க்கட்சியை மறுப்பதைவிடத் தம் தலைவரை மறுப்பது கடினம். தம் அணியே துரோகி என்று தூற்றும். 1949-இல் பெரியாரின் திருமணத்தை ஒட்டிக் கருத்து வேறுபாடு முற்றியபோது பிரிவு தவிர்க்க முடியாததாயிற்று. புதிய கழகம் பிறப்பதற்கு அண்ணாவும் தோழர்களும் தேர்ந்த நாள் செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். கட்சியின் தலைவர் பதவியைப் பெரியாருக்குரியதாகக் காலியாக வைத்து, பொதுச் செயலாளராகவே பொறுப்பேற்றார். அண்ணா மறையும் வரை அந்த நாற்காலி நிரப்பப்படவில்லை.

இதில் அரசியல் கணக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரியாரின் தொண்டர்களைத் தம் பக்கம் ஈர்க்கவும் அது உதவியிருக்கும். ஆனால், கணக்கு மட்டும் என்றால் அது பதினெட்டு ஆண்டுகள் தாங்கியிராது. பிரிந்து சென்றவர்களைப் பெரியார் பட்டப்பெயரிட்டுக் கேலி செய்தார், காமராசரை ஆதரித்தார், 1967 தேர்தலிலும் திமுகவை எதிர்த்தே பிரசாரம் செய்தார். வெற்றி பெற்ற அண்ணா, பதவியேற்கும் முன் திருச்சிக்குச் சென்று சந்தித்தது அதே பெரியாரைத்தான்.

இந்தச் செயல் ஏன் அரிது என்பதை உளவியல் விளக்குகிறது. அண்ணா மறைந்த மறு ஆண்டு, 1970-இல், ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாஜிகளிடம் தம் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதர் அவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை, எந்த ஓவியரை விரும்புகிறார்கள் என்ற சாக்கில் இரு குழுக்களாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிப்பு குருட்டாம்போக்கானது. ஆயினும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது மாணவர்கள் தம் குழுவுக்கே சாதகமாக நடந்தனர். தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்ற போக்கே மேலோங்கியது. நாம், அவர்கள் என்ற கோடு விழுந்துவிட்டால், நம் நன்மையைவிட அவர்களின் தோல்வி இனிக்கத் தொடங்குகிறது.

அண்ணா அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் ஆளைச் சுற்றி வரையாமல் கருத்தைச் சுற்றி வரைய முயன்றார். 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றபோது ஆட்சியில் இருந்தவர் ராஜாஜி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தையும் அண்ணா எதிர்த்தார். 1967-இல் அதே ராஜாஜி தேர்தல் கூட்டாளி. 1943-இல் கம்பனின் காவியத்தை எரிக்க வேண்டும் என்று வாதிட்டவர் முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலைகளில் கம்பனின் சிலையும் ஒன்று. கம்பனின் தமிழைப் போற்றுவதும் காவியத்தின் கருத்தை மறுப்பதும் ஒருவருக்குள் சேர்ந்து இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தம் கருத்தை மாற்றிக்கொள்வதிலும் அவரிடம் ஒளிவு இல்லை. 1962-இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்று, மாநிலங்களவைக்குச் சென்று, திராவிட நாடு கோரிக்கையை அங்கே எடுத்துரைத்தார். அதே ஆண்டில் சீனப் போர் மூண்டதும் அதை ஒத்திவைத்தார். 1963-இல் பிரிவினையைத் தடுக்கும் 16-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்த பின் கைவிட்டார். எதிராளிகளை வாழ்நாள் பகைவர்களாக்கிக்கொண்டவருக்கு இந்த மாற்றம் எளிதாக இருந்திராது. தம் பக்கம் திரும்பி வர மற்றவர்களுக்கு வழி விட்டவருக்குத்தான், தாமும் ஓரடி பின்வாங்கும் உரிமை கிடைக்கிறது.

நயமாகப் பேசுபவரிடம் கொள்கை உறுதி இராது என்று சிலர் வாதிடக்கூடும். அண்ணாவின் ஆட்சி இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1969 பிப்ரவரி 3-இல் அவர் மறைந்தார். அதற்குள் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு, இருமொழிக் கொள்கை, தமிழ்நாடு என்ற பெயர் மாற்றத்துக்கான தீர்மானம் ஆகியவை நிறைவேறின. கொள்கையைக் கரைத்தவரின் பட்டியல் அல்ல இது.

இன்று ஒரே குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அண்ணன் வெளியேறுகிறார். தேர்தல் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. எந்தக் கட்சி வென்றாலும் அந்த வீட்டின் இழப்பை ஈடுசெய்யப் போவதில்லை. கருத்தைத் தளர்த்திக்கொள்ளும்படி நான் எவரையும் கேட்கவில்லை. எதிராளி முன்னிலையில் சொல்லத் துணியாததை அவர் இல்லாத இடத்தில் சொல்ல வேண்டாம். எவ்வளவு கடுமையாக மறுத்தாலும், அவர் வந்து உட்கார ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்போம்.