ராஜாஜியும் ரசாயனமும்

குற்றாலத்தில் ரஸிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்துக்கு விருந்தினராய் வந்து தங்கிய பெரியோர்களுள் ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரும் ஒருவர். அருவி நீராட்டையும் கம்பராமாயண ரஸனையையும் அவ்விருவர் நட்போடு சேர்த்தே தென்காசிச் சீமையில் பேசுவர். ஆயினும், ராஜாஜியின் வாழ்க்கையில் ரசாயன சாஸ்திரத்துக்கும் ஓர் இடமுண்டென்பதை அறிந்தார் சிலரே.

1878-ஆம் வருஷம் தொரப்பள்ளியிற் பிறந்து, சேலத்தில் வக்கீலாய்ப் பெயரும் பொருளும் ஈட்டிய அவர், 1916-ல் நண்பர் சிலருடன் கூடித் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார். ரசாயனம், பௌதிகம், தாவர நூல், வான நூல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் காண்பதே அதன் நோக்கம். ஆங்கிலம் அறியாதானுக்கு விஞ்ஞானம் கிட்டாதென்று படித்தவர்களே சாதித்த காலம் அது. சில ஆண்டுகளுக்குப் பின் தென்காசிக்கு அருகே கடையத்தில் வாழ வந்த பாரதியாரும் அம்முயற்சியைக் குறித்து எழுதினார்.

1930 ஏப்ரல் 13-ல் திருச்சியினின்று தொண்டர் படையுடன் வேதாரணியத்துக்கு நடந்து, 30-ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பெடுத்துச் சிறை புகுந்தார் ராஜாஜி. அந்த உப்பிலேயே ஒரு ரசாயன பாடம் இருக்கிறது. கடல்நீர் காய்ந்து உப்புப் படிவது ரசாயன மாறுதலன்று; முன்னரே கரைந்திருந்தது வெளிப்படுகிறது, அவ்வளவே. சோடியம் குளோரின் வாயுவில் எரிந்து உப்பாவதுதான் ரசாயன வினை. குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகவே இணைந்திருப்பதால், ஒற்றைச் சோடிய அணுவை வைத்துக் கணக்கு நேராகாது. சோடியம் இரண்டு அணு வேண்டும். உப்பும் இரண்டு பங்காகவே பிறக்கும். இடப்புறத்தில் எழுதிய அணுக்களத்தனையும் வலப்புறத்திலும் குறையாமல், கூடாமல் வருதலே சமன்பாட்டின் தர்மம். நிறைக்கணக்கும் இதன்படியே: 46 பலம் சோடியமும் 71 பலம் குளோரினும் சேர்ந்தால் 117 பலம் உப்பு. 50 பலம் சோடியத்தை இட்டாலும், குளோரின் 71 பலமே ஆயின், உப்பு 117 பலத்துக்கு மேல் ஏறாது. 4 பலம் சோடியம் வீணே மிஞ்சிக் கிடக்கும். இதில் தமிழுக்கு எட்டாதது யாது?

இந்த நம்பிக்கையோடு ராஜாஜி எழுதியதே ‘திண்ணை ரசாயனம்’. சோதனைச்சாலைச் சரக்கைக் கிராமத்துத் திண்ணைக்குக் கொணர்ந்ததைப் பெயரே சொல்லும். சங்கத்தின் சொற்பட்டியலினும் இதுவே பெரும் பணியென்பது நமது அபிப்பிராயம். சொற்கள் பட்டியலில் உயிர் வாழ்வதில்லை, வாக்கியத்திலேயே வாழ்கின்றன. இவரேதான் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாயிருந்து, 1938-ல் ஹிந்தியைக் கட்டாய பாடமாக்கித் தமிழன்பர்களின் கடும் எதிர்ப்புக்கு ஆளானவர். அந்த முரணை மறைப்பதற்கில்லை.

1948-ல் கவர்னர் ஜெனரலானார். 1954-ல் ரஸிகமணி மறைந்தார். 1958-ல் சாஹித்ய அகாடமி ராஜாஜிக்குப் பரிசளித்தது ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் ராமாயண நூலுக்காக. 1972 டிசம்பர் 25-ல், 94 வயது நிரம்பியவராய்ச் சென்னையில் காலமானார்.