இராமானுசர்

இராமானுசர் (மரபுவழிக் கணக்கின்படி கி. பி. 1017 – 1137) விசிட்டாத்துவைதக் கொள்கையை நிலைநாட்டிய வைணவ ஆச்சாரியர் ஆவார். இன்று மகிழுந்துத் தொழிற்சாலைகளால் அறியப்படும் திருப்பெரும்புதூரில், ஆசூரி கேசவ சோமயாசி, காந்திமதி இணையருக்கு மகனாகப் பிறந்தார்.

இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களுக்கு உவமையாக வரும் 'கப்யாசம்' என்ற சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறம் எனப் பொருள் உரைத்தார். அதைக் கேட்டு மாணவர் கண்ணீர் விட்டதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அச்சொல்லையே வேறு விதமாகப் பிரித்து, நீரைப் பருகும் கதிரவனால் மலர்ந்த தாமரை என இராமானுசர் பொருள் கண்டார். இருவருக்கும் இடையே பிணக்கு தொடங்கியது இத்தகைய விளக்கங்களால்தான்.

பின்னர் எட்டெழுத்து மந்திரத்தின் உட்பொருளை அறியத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை சென்றார். வெளியிட்டால் நரகம் என்ற எச்சரிக்கையுடன் பெற்ற அப்பொருளை உடனே பலருக்கும் உரைத்தார். பலர் உய்யத் தாம் ஒருவர் நரகம் புகலாம் என்பது அவர் கருத்து. இதை அவர் கோபுரத்தின் மீதேறிக் கூறினார் என்பது பரவலான வழக்கு. சினந்த நம்பி, காரணம் அறிந்தபின் அவரைத் தழுவிக்கொண்டார்.

பிரம்ம சூத்திரத்திற்கு அவர் எழுதிய உரை 'ஸ்ரீபாஷ்யம்' ஆகும். இறைவனும் உயிரும் ஒன்றென்றும் வேறென்றும் முரணாகத் தோன்றும் உபநிடதத் தொடர்களை, உடல்–உயிர் உறவைக் கொண்டு அதில் இணக்கப்படுத்தினார்.