சொல்லின் செல்வர் சாமுவேல் ஜான்சன்

ஆங்கிலேயர்களுள் நகைச்சுவையும் நல்லறிவும் கலந்து பேசுவதில் பெயர்பெற்றவர் சாமுவேல் ஜான்சன். அவர் மறைந்து 240 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் கூறியவற்றை மக்கள் இன்றும் எடுத்துக்காட்டிப் பேசுகின்றனர். ஆனால், அந்த நாவன்மைக்குப் பின்னால் வறுமையும் நோயும் நிறைந்த ஒரு வாழ்க்கை இருந்தது.

இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை என்னும் நோய் அவரைத் தாக்கியது. அதனால் அவரது பார்வை மங்கியது, தழும்புகள் நிலைத்துவிட்டன. தந்தை மைக்கேல் ஜான்சன் ஒரு புத்தக வணிகர். வீட்டில் செல்வம் இல்லாவிட்டாலும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. சிறுவயதிலேயே ஜான்சன் அவற்றைத் தேடித் தேடிப் படித்தார்.

1728ஆம் ஆண்டில் அவர் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய காலணிகள் கிழிந்திருப்பதைக் கண்ட ஒருவர், புதிய காலணிகளை அவரது அறை வாசலில் வைத்துச் சென்றார். இரக்கப்பட்டுத் தரும் பொருள் தமக்கு வேண்டாம் என்று ஜான்சன் அவற்றைத் தூக்கி எறிந்தார். கட்டணம் செலுத்த வழியின்றி, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே பட்டம் பெறாமல் ஊர் திரும்பினார்.

தந்தை, அருகிலுள்ள உட்டாக்ஸிட்டர் ஊரின் சந்தையில் கடை போட்டுப் புத்தகம் விற்பது வழக்கம். ஒருமுறை அவர் மகனையும் உடன் அழைத்தார். சந்தைக் கடையில் நிற்பதைத் தாழ்வாக எண்ணிய மகன் மறுத்துவிட்டார். தந்தை 1731ஆம் ஆண்டில் காலமானார்.

பின்னர், ஜான்சன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் மிகச் சிலரே வந்ததால் அது நீடிக்கவில்லை. 1737ஆம் ஆண்டில், தம் மாணவர் டேவிட் கேரிக்குடன் இலண்டனுக்குச் சென்றார். அந்த மாணவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகரானார். ஆசிரியரோ இதழ்களுக்கு எழுதிக் கிடைத்த சிறு வருமானத்தில் காலம் தள்ளினார்.

1746ஆம் ஆண்டில், ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாகவும் கூறினார். பிரெஞ்சு அறிஞர்கள் 40 பேர் தங்கள் அகராதிக்கு 40 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை ஒருவர் சுட்டிக்காட்டினார். ஜான்சன் உடனே 40ஐ 40ஆல் பெருக்கினார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு 1,600 என்று வேடிக்கையாகக் கணக்குச் சொன்னார்! உண்மையில், ஆறு உதவியாளர்களுடன் உழைத்தும் அப்பணி முடிய ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில், 1752ஆம் ஆண்டில் அவருடைய மனைவி எலிசபெத் இறந்தார். அந்தத் துயரத்திலும் பணி நிற்கவில்லை.

தொடக்கத்தில் உதவி நாடிச் சென்றபோது கண்டுகொள்ளாத செஸ்டர்ஃபீல்டு பிரபு, அகராதி வெளிவரும் வேளையில் அதைப் பாராட்டி எழுதினார். ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நீரில் தத்தளிப்பவனைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, அவன் கரையேறிய பின் உதவ வருபவர்தாம் புரவலரோ என்று அதில் வினவினார். 1755ஆம் ஆண்டில், 42,000க்கும் மேற்பட்ட சொற்களுடன் அகராதி வெளிவந்தது. அதில், அகராதி தொகுப்பவர் யாருக்கும் தீங்கு செய்யாத கூலி உழைப்பாளி என்று தம்மையே கேலி செய்து பொருள் எழுதியிருந்தார்.

1762ஆம் ஆண்டில் அரசு அவருக்கு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை வழங்கியது. கையில் பணம் வந்ததும் அவர் தனியே வாழவில்லை. பார்வையிழந்த அன்னா வில்லியம்ஸ், ஏழை மருத்துவர் ராபர்ட் லெவட் போன்றோருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பரைப் படிக்க வைத்து, தம் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்தார். 1763ஆம் ஆண்டில் அறிமுகமான ஜேம்ஸ் பாஸ்வெல் என்னும் இளைஞர், ஜான்சனின் உரையாடல்களைக் குறித்து வைத்துக்கொண்டார். 1791ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றால்தான் ஜான்சனின் பேச்சு நமக்குக் கிடைத்தது.

புகழின் உச்சியில் இருந்தபோதும் ஜான்சனின் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின், முதுமையில் அவர் உட்டாக்ஸிட்டர் சந்தைக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த இடத்தில், கொட்டும் மழையில், தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். எவருக்கும் உடனுக்குடன் பதில் சொல்லத் தெரிந்த அவரிடம், தந்தைக்குச் சொல்ல வேண்டிய சொல்லைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

1784ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் காலமானார். இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மழையில் நின்ற காட்சி, உட்டாக்ஸிட்டர் சந்தைத் திடலில் இன்றும் சிற்பமாக உள்ளது.